உட்பிரிவு நான்கு

எனக்கு நாற்காலி உண்டு, கருத்து கிடையாது.
ஹேவ்லாக் சதுக்கத்து நீதிமன்றத்தில்
பதினேழு ஆண்டாகத் துபாஷி வேலை.
வாய்க்குள் இரண்டு மொழி. நடுவில் நான் இருப்பது
யாருக்கும் தெரியாமல் போனால் அது நல்ல நாள்.

காலையில் சத்தியம்.
ஒருவர் வேத நூலில் கை வைப்பார்,
ஒருவர் உளமார உறுதி கூறுவார்.
ஒருமுறை ஒருத்தி, "எனக்குச் சாமி இல்லீங்க,
மகன் மேல சொல்லட்டுமா?" என்றாள்.
மகனுக்கு இங்கே இடமில்லை என்பதை
நான்தான் தமிழில் சொன்னேன்.

அரசமைப்பின் பதினைந்தாம் விதியை
ஒரு கண்காட்சிப் பலகைக்காகத் தமிழாக்கச் சொன்னார்கள்.
தம் சமயத்தை ஏற்றுரைக்க, கைக்கொள்ள, பரப்ப
ஒவ்வொருவருக்கும் உரிமை.
'ஏற்றுரைக்க' என்பதற்கே இரண்டு இரவு போயிற்று.
மனத்தில் வைத்திருப்பதா, தெருவில் சொல்வதா?
உட்பிரிவு நான்கில் அந்தச் சிக்கலே இல்லை.
பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம்:
இவை பற்றிய சட்டத்தை மீற இவ்விதி இடந்தராது.
'ஆனால்' என்று தொடங்கியிருந்தேன்.
மூலத்தில் அந்தச் சொல் இல்லை.
அடித்துவிட்டேன்.

அப்பாவின் புருவத்தில் ஒரு வெட்டு இருந்தது.
கேட்டால் சைக்கிளில் விழுந்தேன் என்பார்.
அடுத்த வருஷம் கேட்டால் கதவு இடித்தது என்பார்.
அவர் போனபின் காப்புறுதிக் காகிதங்களுக்கிடையில்
ஒரு மருத்துவமனைச் சீட்டு:
ஏழு தையல். 22 ஜூலை 1964.
நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்துக்கு மறுநாள்.
ஊரடங்கில் கேலாங் காலியாகக் கிடந்த நாள்.
கல்லா, கழியா, எந்தத் தெருவில், எந்தக் கை,
ஒரு பெயரையும் எங்கள் காதில் அவர் போடவில்லை.
சமய நல்லிணக்கச் சட்டம் வந்தது தொண்ணூறில்.
அதற்கு வெகுமுன்பே அவர் வீட்டில் ஒன்றை
அமல்படுத்தியிருந்தார்,
பழியைச் சைக்கிள்மேல் போட்டு.
அது சரியா என்று எனக்கு இன்னும் தெரியாது.

எங்கள் புளோக் ஏழாம் மாடி, மேடம் கோவின் மகன்
துப்பாக்கியைத் தொடமாட்டேன் என்றான்.
வேதம் சொல்கிறதாம்.
அவர்கள் சபையின் பதிவு எழுபத்திரண்டிலேயே ரத்து.
தேசிய சேவைக்குப் பதில் தடுப்பு முகாம்,
மூன்று ஆண்டுக்கு மேல்.
திரும்பி வந்தவனை மின்தூக்கியில் பார்த்தேன்.
"சாப்பிட்டாயா?" என்றேன்.
ஏழு மாடிக்குள் வேறு எதைக் கேட்பது?

இன்று கூண்டில் திருமேனி, வயது முப்பத்தொன்று,
கப்பல் பட்டறையில் பற்றவைப்பவர்.
தைப்பூசத்தன்று இசைக்கு ஒதுக்கிய இடம் தாண்டி
உறுமி அடித்ததாகக் குற்றச்சாட்டு.
ஏன் நிறுத்தவில்லை?
"நான் அடிக்கலீங்க. அண்ணனுக்கு அருள் இறங்கிருச்சு.
உறுமி தானா உறுமிச்சு."

அருள்.
மயக்கத்துக்கு ஆங்கிலத்தில் சொல் உண்டு,
கருணைக்கும் உண்டு.
வெயில் சாலையில் காவடியோடு
இரண்டுக்கும் நடுவே நிற்பவனுக்கு இல்லை.
மயக்கம் என்றே சொன்னேன்.
நீதிபதி எழுதிக்கொண்டார். கனிவாகத்தான் கேட்டார்:
உறுமி தானாகவா?
"தானா," என்றான். அதையும் மாற்றிக் கொடுத்தேன்.

எழுபதுகளில் வழியில் இசையே கூடாது,
இப்போது இடம் குறித்தாவது தருகிறோம் என்றது அரசுத் தரப்பு.
உண்மைதான்.
முந்நூறு வெள்ளி அபராதம்.

வெளியே போகுமுன் திரும்பினான்.
"அக்கா, அந்தக் கோட்டை அடுத்த வருஷம்
இன்னுங் கொஞ்சம் தள்ளிப் போடுவாங்களா?"

பதிவுக்குரிய கேள்வி இல்லை.
நீதிபதி எழுந்து போய்விட்டார்.
பழக்கதோஷம், வாய்க்குள்ளேயே
ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனேன்.
கோடு வந்தது, வருஷம் வந்தது,
கொஞ்சம்கூட வந்துவிட்டது.
'அக்கா' மட்டும் வரவில்லை.