ஒன்பதரை அங்குலம்

உதேனி அனுப்பிய தாளில்
ஐந்து கோடு, நிறையப் புள்ளி.
எனக்கு அதை வாசிக்கத் தெரியாது.
எண்ணத் தெரியும்.
அங்குலத்துக்கு நாற்பது இழை,
அகலம் முப்பத்தாறு,
ஆக, பாவில் ஆயிரத்து நானூற்று நாற்பது நூல்.
உன் செலோவில் எத்தனை என்றேன்.
நாலு என்றாள், கொஞ்சம் வெட்கத்தோடு.

நொடிக்கு அரை அங்குலம் என்று முடிவானது.
இருபது நிமிட இசை, ஐம்பது அடித் துணி.
அடிக்குரலுக்குக் கறுப்பு கேட்டாள்.
அப்புத்தளை மூடுபனியில் கறுப்பு சாம்பலாய்ப் போகும்,
அரக்கு வைப்போம் என்றேன்.
அவள் சிங்களத்தில் யோசித்தாள்,
நான் தமிழில் மறுத்தேன்,
தறி இரண்டுக்கும் தலையாட்டியது.

சண்டை வந்தது மௌனத்தில்தான்.
பதினோராம் நிமிடத்தில் பத்தொன்பது நொடி
நால்வரும் வில்லைத் தூக்கி நிற்பார்களாம்.
அங்கே நீயும் நெய்யாதே என்றாள்.
ஊடை இல்லாத பாவு சரியும், பெண்ணே,
மௌனத்துக்கும் கரை வேண்டும்.
இரு பக்கமும் நூலைச் சோடி சோடியாய் முறுக்கிக் கட்டினேன்.
அவள் வந்து பார்த்தாள், விரலால் தடவினாள்,
கொழும்புக்குப் போய்
முறுக்குக்கு ஒன்றாக
இரண்டு ஸ்வரம் கூட்டி எழுதினாள்.

கொழுந்து வாட்டும் மாடியில் அரங்கேற்றம்.
காலித் தொட்டிகளின் மேலே
இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு என் ஐம்பது அடி.
மழை பிடித்தது.
அவர்களின் தந்தி தளர்ந்தது, என் பருத்தி இறுகியது.
நடுவில் நிறுத்தி, ஆணி திருகி,
நாலு பேரும் ஒரே சுருதியில் இழையப் பார்த்தார்கள்.
அதுதான் கச்சேரி என்று எண்ணி
முன்வரிசைத் துரைமார் கைதட்டினார்கள்.

பிறகு பதினோராம் நிமிடம்.
வில்கள் மேலே.
கீழ்த் தளத்தில் இரவு முறைக்காரர் யாரோ
விசிறியைப் போட்டுவிட்டார்.
தொட்டி வலை வழியே காற்று ஏறி
நெய்யாத இடத்தில் நுழைந்தது.
நூல்கள் நடுங்கின. சத்தம் வந்ததா?
வந்தது என்றாள் உதேனி பிறகு,
இல்லை என்றார் வயோலாக்காரர் பிரியங்கர.
எனக்குத் தெரியாது.
என் கால் தரையில் இல்லாத மிதியை மிதித்துக்கொண்டிருந்தது:
அந்த நேரத்தில்
இருபத்தைந்து தரம் நாடா ஓடியிருக்கும்.

அச்சிட்ட தாளில் வாசித்தவர் நால்வர் பெயரும் இருந்தது,
பாலைப் பலகையில் செலோ செய்தவன் பெயரும்.
என் இடத்தில் 'பருத்தி, கைத்தறி' என்று மட்டும்.
தாளை மடித்து அவள் கையில் வைத்தேன்.
அடுத்தது பதுளையில் தானே,
அதில் பெ. அமலோற்பவம் என்று போடு.
இல்லாவிட்டால் அந்த ஒன்பதரை அங்குலத்தை
ஒரு ராத்திரியில் நெய்து மூடிவிடுவேன்.

உதேனி சிரித்தாள்.
பிறகு பேனா தேடினாள்.
நான் துணியைச் சுருட்டத் தொடங்கினேன்,
முடிவிலிருந்து,
ஈரமாய் இருந்தது, கனத்தது.