இரண்டு கண்ணும் ஒரே பக்கம்

கோல்காவில் இரண்டு கடல்கள் மோதுகின்றன
என்று பலகை போட்டிருக்கிறார்கள்.
எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே தண்ணீர்.
"அதோ, கோடு" என்றாள் குந்தேகா.
"ஆமாம்" என்றேன்.
ஒரு வாரம்தான் என்னோடு இருக்கப்போகிறாள்,
கோட்டுக்காக வழக்காட முடியாது.

ஏழு மணிக்கு, பைன் மரங்களுக்கு அடியில்
சிகுர்ட்ஸின் கார் டிக்கி திறந்திருந்தது.
ஈரச் சாக்கு. அதை விலக்கினால்
பூத்தே மீன்கள்,
வண்டிச் சக்கரம் ஏறி இறங்கியது போல் தட்டையாய்,
இரண்டு கண்ணும் ஒரே பக்கம் வந்து
எங்களைப் பார்த்தபடி.
மூன்று கேட்டேன்.
நிறுக்காமலே நான்கைப் போட்டுவிட்டு
அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார்.
சுத்தம் செய்து தருவாரா என்ற கேள்வி
என் வாயிலேயே நின்றது.

வாடகை வீட்டுக் கத்தி
வெண்ணெய் தடவத்தான் லாயக்கு.
ரீகாவில் நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன்,
கண்ணை மூடிக்கொண்டு மோட்டாரைப் பிரிப்பேன்.
இந்தச் சொரசொரப்பில் எங்கே தொடங்குவது?
ஒரு மீன் வாலால் மேசையை அடித்தது.
கத்தி என் கையிலிருந்து விழுந்தது.

குந்தேகா நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள்.
பீங்கான் தட்டைக் கவிழ்த்து
அதன் அடிவிளிம்பில் கத்தியை நாலு இழுப்பு இழுத்தாள்.
உப்பை அள்ளித் தேய்த்தாள், வழுவழுப்பு போக.
செவுளுக்குப் பின்னால் சாய்வாக ஒரு வெட்டு,
தலையோடு குடலும் கழன்று வந்தது.
ஒன்பது வயது.
"நொர்முண்ட்ஸ் இப்படித்தான் செய்வார்" என்றாள்
அடுத்ததைக் கையில் எடுத்துக்கொண்டே.

நான் உருளைக்கிழங்கு கழுவினேன்.
வெகுநேரம் கழுவினேன்.

கம்பு மாவு இல்லை, கோதுமை மாவு இருந்தது.
வெண்ணெய் நுரைத்து அடங்கியதும் போட்டோம்.
"இப்போ திருப்பாதே, அப்பா."
திருப்பினேன். தோல் வாணலியோடு போயிற்று.
அந்த மீனை நானே எடுத்துக்கொண்டேன்.
சதகுப்பையும் புளித்த பாலாடையும் போட்டுக்
கையாலேயே தின்றோம்.
எலும்புச் சட்டத்தை முழுசாகத் தூக்கி
வெளிச்சத்தில் பிடித்தாள்: "சீப்பு!"
அவள் தாடையில் வெண்ணெய் மினுங்கியது.
துடைக்கச் சொல்லவில்லை.

இரவு பதினொன்று. வெளியே இன்னும் இருட்டவில்லை.
மிச்சமிருந்த நாலாவது மீனை
தொட்டியருகே நின்றபடி தின்றேன், ஆறிப்போனதை.
நல்ல வெட்டுதான்.
கழுத்தருகே சதை கொஞ்சமும் வீணாகவில்லை.
சொல்லித்தானே ஆகவேண்டும்.

"அப்பா," என்றாள் உள்ளேயிருந்து, தூக்கம் வராமல்,
"நாளைக்கும் மீனா?"

"முதலில் ஒரு கத்தி வாங்கலாம்" என்றேன்.