ஒற்றைக் கண் பாலம்

குன்னூர் பெட்போர்டில், பேக்கரிக்கு மேல்மாடி.
டாக்டர் சுகந்தி போஜன் கண்ணாடியை நீட்டினார்.
"பாலம் போட்டாச்சு. இனி பராமரிப்பு உங்க கையில."
எனக்குச் சிரிப்பு வந்தது.
பாதி உதடு மரத்திருந்ததால்
பாதிதான் சிரித்தேன்.

இருபத்திரண்டு வருஷமாக
கல்லாறிலிருந்து ஹில்குரோவ் வரை
பாலம் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
நடுத் தண்டவாளத்தின் பற்களில்
கல் சிக்கியிருந்தால்
மண்டியிட்டு, கம்பியால் நெம்பி எடுப்பேன்.
இரும்புப் பல்லுக்கு அத்தனை கவனிப்பு.
என் பல்லுக்கு
வெற்றிலை, கிராம்பு,
அப்புறம் ஒருநாள் குறடு.

பிடுங்கிய இடம் ஆறு மாதம் காலி,
எங்கள் கேங்கில் செபஸ்தியின் இடம்போல.
அவன் ஓய்வுபெற்ற பிறகு ஆள் போடவில்லை.
ஸ்லீப்பர் தூக்கும்போது
அவனுக்கு இந்தப்பக்கம் நின்ற நானும்
அந்தப்பக்கம் நின்ற குருவையாவும்
கொஞ்சம் கொஞ்சம் நெருங்கிக்கொண்டோம்.
வாயிலும் அதே ஏற்பாடுதான்.
இல்லாத ஒன்றைத் தாங்க
இருந்த இரண்டைச் செதுக்கினார்கள்.
நல்ல பற்கள், பாவம்.
யாரும் அவற்றைக் கேட்கவில்லை.

"இன்னிக்கு ராத்திரி அந்தப் பக்கம் மெல்லாதீங்க.
கமர்கட்டு, பட்டாணி, எலும்பு எல்லாம் மறந்துடுங்க.
கடிக்கும்போது உயரமா இடிச்சா
பழகிடும்னு இருக்காம வாங்க."
பிறகு ஒரு நூலை எடுத்தார்.
முனை விறைப்பு, நடுவில் பஞ்சு.
பாலத்துக்கு அடியில் நுழைத்து, முன்னும் பின்னும்.
"மேல இருக்கிறது பீங்கான், அது சொத்தையாகாது.
அடியில இருக்கிறது நீங்க."

இது எனக்குத் தெரிந்த சங்கதி.
எஞ்சின் பாரத்தில் ஒரு பாலமும்
விழுந்து நான் பார்த்ததில்லை.
ஐப்பசி மழையில் கண் அடைத்து
இலையும் சேறும் தேங்கி
தூணின் காலை அரிக்கும்.
சத்தமே போடாது.

முதல் ராத்திரி நூல் நுழையவில்லை.
குவார்ட்டர்ஸ் கண்ணாடியில்
என் மூச்சே பனியாகப் படிந்தது.
துடைத்தேன், படிந்தது.
"இன்னும் எவ்வளவு நேரம் சிங்காரம்?"
கதவுக்கு வெளியே அமலோற்பவம்.
நான்காம் முறை
மறுபக்கம் தலை நீட்டியது நூல்,
குகையைவிட்டு வரும் எஞ்சின்போல.
கொஞ்சம் ரத்தம்.
மத்தியானக் கீரையில் ஒரு துணுக்கு.

மூன்று வாரத்தில் ரத்தம் நின்றது.
சூடு டீ இன்னும் சுருக்கென்கிறது, ஊதிக் குடிக்கிறேன்.
சணல் முடிச்சு அவிழ்க்கப்
பல்லைக் கூப்பிடுவதில்லை.
குருவையா பட்டாணிப் பொட்டலம் நீட்டினான்.
வேண்டாமென்றேன்.
"பெரிய ராசா!" என்றான்.
"ஆமாப்பா, ரெண்டு கிரீடம்" என்றேன்.

கைப்பழக்கம் போகுமா?
ஆய்வுப் பதிவேட்டில்
இருபத்தோராம் பாலத்துக்குக் கீழே
அதையும் எழுதிவிட்டேன்:
'ஒற்றைக் கண். வலது கீழ். அடைப்பு இல்லை.
அடுத்த ஆய்வு ஜனவரி, இரண்டாவது செவ்வாய்.'

மேற்பார்வையாளர் பக்கம் பக்கமாகக்
கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தார்.
அந்த வரியில் பேனா நின்றது.
"இது எந்தக் கிலோமீட்டர்?"

வாயைத் திறந்தேன்.
இடுப்பிலிருந்த டார்ச்சை எடுத்து
அவர் குனிந்தார்.