செயலிக்குக் காதுகுத்து

அறிக்கையில் ஒரு கட்டம் காலியாகக் கிடந்தது:
'உருவாக்கியவர்.'
கோயம்புத்தூர் அறக்கட்டளையிலிருந்து
நாலு தடவை போன்.
ஒரு லட்சத்து எண்பதாயிரம் கொடுத்தோமே,
சீட்டின் முகத்தில் எங்கள் சின்னம்
கட்டைவிரல் அளவுக்காவது வேண்டாமா?

சீட்டே உள்ளங்கை அகலம்தான்.
பெயரும் கைதான்.
ஒரு மணி நேர வேலைக்கு ஒரு கை,
அரைக் கைக்கு நாலு கட்டுக் கீரை.
செக்கானூரணி முக்கிலிருந்து
கருமாத்தூர் வரைக்கும் செல்லும்.
அதைத் தாண்டினால் காகிதம்.

கணக்கு என் பொறுப்பு.
லட்சம் எங்கே போனது என்று என்னிடம் இருக்கிறது:
சர்வர் வாடகை, சிவகாசி அச்சுக்கூலி,
பயிற்சி நாளில் நூற்றிருபது சாப்பாடு, பேனா.
எழுதியவளுக்கு?
'மனித உழைப்பு எங்கள் விதியில் வராதுங்க.'

சகாயராணி ஜெராக்ஸ் கடைக்காரி.
மண்டபங்களுக்கு மொய் எழுதும் மென்பொருளை
வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவள்.
அந்த எலும்பின் மேல்தான்
எங்கள் பணத்தை எழுப்பினாள்.
'ரெண்டும் ஒண்ணுதான்' என்றாள்,
'யாரு யாருக்குச் செஞ்சா,
யாரு இன்னும் திருப்பிச் செய்யல.'
இருநூற்றுப் பதினாலு ராத்திரி,
ராத்திரிக்கு மூணு மணி நேரம்.
அறுநூற்று நாற்பத்திரண்டு கை.

ஊரில் ஓடுவதே தொள்ளாயிரம்.
புதுசாக அச்சடித்து அவளிடம் கொடுத்தால்
நாலு கட்டுக் கீரை ரெண்டு கட்டாகும்.
கொடுக்காவிட்டால்
நான் எழுதுகிற பேரேட்டில்
பேரும் இல்லை, ஏடும் இல்லை.

கூட்டத்தில் பவுன்தாய்தான் கேட்டாள்:
'எத்தன வீட்டு மொய் எழுதியிருக்கா,
இவளுக்கு எவ எழுதுனா?'
விசேஷம் வேண்டுமே. கல்யாணமில்லை, பிள்ளையில்லை.
'ஏன், அந்தா இருக்குல்ல மடியில,
அதுக்குக் குத்துங்க காது.'

சிரித்தோம். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, ரெண்டு கிடாய்.
லேப்டாப்புக்கு மல்லிகைச் சரம்.
தாய்மாமன் மடி யாருடையது என்றபோது
நீலச்சட்டை அதிகாரி பேனரோடு ஓரடி முன்னே வந்தார்.
பவுன்தாய் அவரைத் தாண்டி
பஞ்சர் கடை பெத்தணனைக் கூப்பிட்டாள்.

முதல் நாள்
ஒரு கடையும் சீட்டைத் தொடவில்லை.
காற்றுப்போன சைக்கிளோடு இவள் நின்றாள்.
மூணு ஓட்டை அடைத்தார்,
சீட்டைப் புரட்டிப் பார்த்தார்,
'இது ஓடுமா?'
'நீங்க வாங்குனா ஓடும்.'
சட்டைப்பைக்குள் போட்டார்.

அவர் மடியில் இப்போது மடிக்கணினி.
எங்கே குத்த, பத்தர் விழித்தார்.
ஹெட்போன் துளையைக் காட்டினாள்.
'ஏற்கனவே குத்தியிருக்கே' என்று
தோட்டைச் செருகினார்.

மைக்கில் நானே வாசித்தேன்:
சலூன் கட்டமுத்து, ஆறு கை.
கீரைக்காரி பேச்சியக்காள், ஒன்றரைக் கை.
வடக்குத்தெரு மைதீன் பாத்து, பன்னிரண்டு.
கோயம்புத்தூர் அறக்கட்டளை, ஐந்நூற்று ஒன்று ரூபாய்...
அதிகாரி காதோரம் வந்தார்:
'அது என் காசுங்க.
ஞானவடிவேல்னு போடுங்க.'

முந்நூற்று எண்பத்தெட்டு தேறியது.
இன்னும் இருநூற்று ஐம்பத்துநாலு நிற்கிறது.
அவள் அன்றைக்கே மைதீன் பாத்துவிடம்
பத்துக் கைக்குத் தையல் கொடுத்தாள்.

அறிக்கைக் கட்டத்தில்
மொய் நோட்டை எழுதத் தொடங்கினேன்.
ஏழாவது பெயரோடு இடம் முடிந்தது.
'பின்பக்கம் பார்க்க' என்று போட்டு அனுப்பினேன்.

வருஷக் கடைசியில் எல்லாச் சீட்டும்
முத்திரைக்குத் திரும்பவேண்டும்.
வந்தது எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது.
பெத்தணன் வீட்டுக்குப் போனேன்.
சட்டையோடு மூணு தடவை துவைத்து
எழுத்தெல்லாம் போயிருந்தது.
முத்திரை கேட்டால் மறுத்தார்,
மாற்றுச் சீட்டும் வேண்டாமாம்.

தள்ளுபடி செய்யுங்கள் என்கிறார் தணிக்கைக்காரர்.
மாட்டேன் என்றிருக்கிறேன்.
கணக்கு
ஒரு கை இடிக்கிறது.