அட்டைச் செக்கு

முதல் உதையிலேயே வண்டி கிளம்பிவிட்டது.
அதுதான் அவர்களுக்குப் பிடிக்கவில்லை.
"இன்னும் கொஞ்சம் கஷ்டப்படணும் சார்" என்றார்
தொப்பி போட்ட டைரக்டர்.
பிளக்கைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
பதினேழு முறை உதைத்தேன்.
பதினெட்டாவதில்
எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.
அதை எடுத்துக்கொண்டார்கள்.

கிருஷ்ணகிரியில், ராயக்கோட்டை சாலையில்,
மாங்கூழ் ஆலைக்கு எதிரே எங்கள் பட்டறை.
வைகாசி பிறந்தால் பெங்களூரா மாங்காயின் தோல் புளித்து
மூக்கைப் பொத்தாமல் போல்ட்டு முறுக்க முடியாது.
டிவியில் வாடை வராது.
கோட்டை மலைக்கு மேலிருந்து ஒரு ட்ரோன் இறங்கி
எங்கள் தகரக் கூரையை
புதையல் கிடங்கு போலக் காட்டியது.

கையிலிருந்த கிரீஸ் போதாதாம்.
கன்னத்திலும் தடவினாள் மேக்கப் பெண்.
பதினோரு நாள் வேலை;
சுவரில் மட்டும்
எழுபத்திரண்டு மணி நேரம் கணக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

நஸ்ருல்லாவும் நானும் கூட்டு.
பத்தொன்பது வருடத்தில்
டீக்கு யார் காசு கொடுப்பது என்பது தவிர
வேறெதற்கும் சண்டை வந்ததில்லை.
"நீங்க ஸ்பேனரை விட்டெறியுங்க.
நீங்க வெளியே போயிடுங்க."
அவன் போனான்.
போய் டீ குடித்தான்.

ஆடியில் ஒளிபரப்பானபோது
போகிறவன் முதுகில் வயலின் அழுதது.
என் வாய்க்குள் யாரோ மதுரைக்காரர் பேசினார்.
"யாருப்பா அது?" என்றாள் என் மகள்.
நஸ்ருல்லாவின் அம்மா போன் செய்தார்:
"எம்புள்ளைய திருடன்னா சொன்ன, வேடியப்பா?"

வண்டிக்கும் ஒரு கதை வைத்திருந்தார்கள்.
வெள்ளைக்காரன் காலத்து ஜமீன்தார் ஏறியது,
நாற்பது வருடம் இருட்டில் தூங்கியது.
எழுபத்தெட்டு மாடல் எஸ்டி, ஐயா.
போன தை வரைக்கும்
காவேரிப்பட்டினம் திம்மராயனுக்குப் பால் சுமந்தது.
கேன் மாட்டும் கொக்கி இரண்டையும்
அசிங்கமாக இருக்கிறது, அறுங்கள் என்றார்கள்.
அறுத்தேன்.
அதை மட்டும் படம் பிடிக்கவில்லை.

கடைசியில் கோட்டு போட்ட ஒருவர் வந்து
எட்டு லட்சம் என்று கூவி
கட்டில் அகலத்தில் ஒரு செக்கை நீட்டினார்.
கை தட்டினோம், மூன்று தடவை,
மூன்று கோணத்தில்.
கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு
அவர் சேலம் பஸ் பிடித்தார்.
வண்டி இங்கேயேதான் நிற்கிறது.
செக்கு, கம்ப்ரசர் பக்கத்துச் சன்னலில்,
கண்ணாடி போன இடத்தில்,
சாரலுக்கு அடைப்பு.

மறு வாரமே வாடகை ஏறிற்று.
பெங்களூரிலிருந்து வந்த பையன்கள்
செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
"அண்ணா, ஒரே ஒரு தடவை சண்டை போடுங்களேன்."
கார்புரேட்டர் பற்றி ஒருத்தனும் கேட்கவில்லை.

அப்புறம் திம்மராயன் வந்தார்.
சத்தம் எதுவும் இல்லை.
ஆர்.சி. புத்தகத்தின் நகலை மடியில் வைத்து
லாரி டயர் மேல் உட்கார்ந்தார்.
"ஒம்பதாயிரத்துக்குக் குடுத்தேன்.
அந்த எட்டு லட்சத்துல எனக்கு ஏதும் உண்டா?"

சன்னலைக் காட்டினேன்.

எழுந்து போய்
ஒவ்வொரு பூஜ்யத்தின் மேலும் விரல் வைத்தார்.
ஐந்து.
தட்டிப் பார்த்தார்.
ஊறிய ஓரத்தைக் கிள்ளிப் பார்த்தார்.
நஸ்ருல்லா டீ வாங்கி வந்தான், என் காசில்.
பாதி டம்ளரில் சிரிக்கத் தொடங்கியவர்
புரையேறி, கண் துடைத்து, கேட்டார்:
"இத நான் எடுத்துக்கட்டுமா?
காச எங்கயோ ஒளிச்சிட்டேன்னு
மூணு நாளா வீட்ல சோறு போடல."

மொபெட்டின் பின்னால் சைக்கிள் டியூபால் கட்டிவிட்டேன்.
காற்று பிடித்து அட்டை படபடத்தது.
லாரிகள் ஹாரன் அடித்து வழிவிட,
காவேரிப்பட்டினம் நோக்கிப் போயிற்று
எட்டு லட்சம்.

சன்னல் திறந்து கிடக்கிறது.
மாங்கூழ் வாடை நேரே உள்ளே வருகிறது.
மழைக்கு முன் ஒரு தகரம் வாங்க வேண்டும்.
யார் காசில் என்று
இப்போதே ஆரம்பித்துவிட்டான் நஸ்ருல்லா.