மேல்முறையீட்டுக்கு இறங்குதல்

மேல்முறையீடு என்றுதான் பெயர்.
போவதோ கீழே.
பெருமாள்மலை, ஊத்து, டம்டம் பாறை,
வளைவுக்கு வளைவு காது அடைத்துத் திறக்க
வத்தலக்குண்டில் ஸ்வெட்டரைக் கழற்றி
மடியில் சுருட்டிக்கொள்வாள் செவந்தியம்மாள்.
உள்ளே கொடைக்கானல் முன்சீப்பின் தீர்ப்பு,
அவளுக்கு எதிராக.
திரும்பி வருகையில் திண்டுக்கல் தீர்ப்பும்,
அதுவும் எதிராக.
இனி மெட்ராஸ் ஹைகோர்ட்டு.
கடல் மட்டம்.
அதற்குக் கீழே இறங்க இடமில்லை.

வழக்கு மூன்று முழ வாய்க்கால்.
பூம்பாறை அடுக்குவயலில்
அவள் பூண்டுப் பாத்திக்கும் பங்காளி பாத்திக்கும் நடுவே
தண்ணீர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும்?
தண்ணீருக்குத் தெரியும்.
அதைச் சாட்சிக்கூண்டில் ஏற்ற முடியாது.

நான் வக்கீல் சவரிராயனின் குமாஸ்தா.
ஏழு ரோட்டுக்கு மேலே தகரக் கூரை ஆபீஸ்.
ஓர் ஐப்பசிப் பகல், கரண்டு இல்லை,
பாதையில் மரம் விழுந்து பஸ்ஸும் இல்லை.
வக்கீலும் இல்லை.
அவள் கொண்டுவந்த பூண்டு மூட்டைமேல் அவளே உட்கார்ந்திருந்தாள்.
நாற்காலியில் ஒழுகல்.
பொழுது போகவேண்டுமே என்று
அலமாரியின் அடித்தட்டிலிருந்து
அட்டை போன புத்தகம் ஒன்றை எடுத்து
எனக்கு வந்த மட்டும் தமிழில் சொன்னேன்.

முன்னூறு வருஷம் முந்தி, லண்டனில்,
பிரபுக்கள் சபை என்று ஒன்று.
சட்டம் போடுவதும் அது,
கடைசி அப்பீலைக் கேட்பதும் அது.
மனுவில் விஷயம் இருக்கிறது என்று
இரண்டு வக்கீல்கள் கையெழுத்திட வேண்டும்.
தோற்றால் செலவு கட்ட ஜாமீன் வேண்டும்.
இரு தரப்புக் கதையையும் அச்சடித்து
பிரபுக்களுக்குக் கொடுக்க வேண்டும்.
படித்தவர் எத்தனை பேர் என்று
புத்தகத்தில் இல்லை.

"ஜட்ஜு யாரு?"

ஜட்ஜுகள் வருவார்கள்.
கம்பளி மயிர் அடைத்த மூட்டைகளில் உட்கார்வார்கள்.
கேட்டால் சட்டம் சொல்லலாம்.
ஓட்டு கிடையாது.
ஓட்டு பிரபுக்களுக்கு,
பிஷப்புக்கு,
சட்டம் தெரிந்தவருக்கு, தெரியாதவருக்கு,
பாதி வாதத்தில் எழுந்துபோய்
சாப்பிட்டுத் திரும்பியவருக்கு.

தன் மூட்டையைக் கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள்.
"தெரிஞ்சவன் மூட்டையில, தெரியாதவன் பெஞ்சுல."

இருபக்கமும் ஓட்டு சரிசமமாக விழுந்தால்
பழைய தீர்ப்பே நிற்கும் என்றேன்.
அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.
கூரையில் மழை மட்டும் வாதாடியது.

ஒருமுறை கீழ்ச்சபைக்கும் மேல்சபைக்கும் சண்டை முற்றி
அப்பீலில் வாதாட வந்த வக்கீல்களையே
கீழ்ச்சபை பிடித்து வைத்ததாம்.
இதற்கு அவள் சிரித்த சிரிப்பில்
பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.
"நம்ம வக்கீலையும் ஒரு வாரம் வைக்கட்டும்,
வாய்தா வாங்காம இருப்பாரு."

ராஜா கோபித்துக்கொண்டு சபையை வீட்டுக்கு அனுப்பினால்?
மனு அப்படியே கிடக்கும்.
ஒரு கூட்டத்தில் நின்றது
அடுத்த கூட்டத்தில் தொடரும் என்று
பிற்பாடுதான் தீர்மானித்தார்களாம்.

"தொடர்ற வரைக்கும் தண்ணி?"

பக்கம் புரட்டினேன்.
பூச்சி அரித்த ஓட்டை வழியே
அடுத்த பக்கத்தின் ஒரு வார்த்தை தெரிந்தது.
'செலவுத்தொகையுடன்.'
அதை அவளுக்குச் சொல்லவில்லை.

நான்கு மணிக்கு மரத்தை அறுத்துவிட்டார்கள்.
பூம்பாறை பஸ் ஹாரன் அடிக்க
வக்காலத்தில் கையெழுத்துப் போட்டாள்,
'செ'வுக்கு மேல் ஒரு புள்ளி தவறி விழுந்தது.
வாசலில் நின்று
மூட்டையைக் காட்டிச் சொன்னாள்:
"பீஸுல கழிச்சுக்கங்க.
அதுவரைக்கும் ஜட்ஜய்யா யாராச்சும் வந்தா
உக்காரட்டும்."

மழை விடவில்லை.
டைப்ரைட்டரை மெழுகுவர்த்திப் பக்கம் இழுத்து
அந்த மூட்டைமேல் உட்கார்ந்துதான்
காரணம் ஒன்று, காரணம் இரண்டு என்று அடித்தேன்.
கால்சட்டையில் பூண்டு வாசம்.
சட்டம் கொஞ்சம் தெரியும்.
ஓட்டு எனக்கும் கிடையாது.