இடச்சுற்று, வலச்சுற்று

போனை எடுத்ததும் நான் கேட்பது பெயரை அல்ல.
கம்பி எத்தனை கேஜ்?
உள்விட்டம் எவ்வளவு?
எடை போட்டுப் பார்த்தீர்களா, குத்துமதிப்பா?
குத்துமதிப்பு என்றால்
பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று வைத்துவிடுவேன்.

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை சாலை,
தகரக் கூரைக்குக் கீழே ஷட்டர் ஸ்பிரிங் சுற்றுகிறோம்.
கடைக்காரருக்கு விற்பதில்லை,
மாட்டுகிறவருக்கு மட்டும்.
எண்ணெய்க் கறுப்பா, துத்தநாகப் பூச்சா,
முனை நேராகவா, கொக்கியாகவா,
பத்தாயிரம் தடவை உழைப்பதா, இருபத்தைந்தாயிரமா.
தடவை என்பது ஓர் ஏற்றம், ஓர் இறக்கம்.
எஃகு வேறெதையும் எண்ணுவதில்லை.

ஆடியில் திம்மராயன் கூப்பிட்டார்.
காவேரிப்பட்டணம். பதினாலு அடி ஷட்டர்.
"ஏழு ஏழா அறுக்கணும் மேடம்,
நடுவுல தூண் எழும்பிடுச்சு."
அண்ணன் சம்பங்கிக்குப் பாத்திரக்கடை.
தம்பி முனிரத்தினத்துக்கு டைல்ஸ், கிரானைட்.
அப்பா விட்டுப்போனது ஒரே வாசல்.

தூணுக்கு இரண்டு பக்கமும் ஸ்பிரிங் உட்காரும்.
கண்ணாடியில் பார்த்த மாதிரி
ஒன்று இடச்சுற்று, ஒன்று வலச்சுற்று.
இடத்துக்கு மஞ்சள் பொட்டு, வலத்துக்கு நீலம்.

மறுநாள் காலை, நான் டீ குடிக்கும் முன்:
"அண்ணன் கேக்கறாரு,
தம்பிக்கு மட்டும் எதுக்கு வலது?"

என் அட்டவணையில் அந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை.
இரண்டும் ஒரே எடை தூக்கும் என்றேன்.
மாற்றி மாட்டினால் முறுக்காது, அவிழும் என்றேன்.
"சொல்றேன்," என்றார்.

சொன்னாரோ என்னவோ,
தம்பிக்கு ஒன்பது கேஜ் என்று தெரிந்ததும்
அண்ணன் எட்டு கேட்டார்.
(எண் குறைந்தால் கம்பி தடிக்கும்.)
அது தெரிந்ததும்
தம்பி இருபத்தைந்தாயிரம் தடவை கேட்டார்.
தினம் இரண்டு என்று போட்டால்
முப்பத்து நாலு வருடம்.
"அவருக்கே ஐம்பத்தெட்டு வயசு மேடம்!"
திம்மராயன் சிரித்தார்.
அட்வான்ஸ் வரும்வரை நான் சிரிப்பதில்லை.

அறுபது கிலோவுக்கு எட்டு கேஜ் அதிகம்,
கீழே நிற்காது என்றேன்.
"அவரு காசு."
அதையும் ஆர்டர் தாளில் எழுதிக்
கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

ஐப்பசி. விடாத மழை.
"அண்ணன் ஷட்டர் இறங்க மாட்டேங்குது மேடம்.
இழுத்துட்டுக் கைய விட்டா
அடிபட்ட பூனையாட்டம் மேல ஓடுது.
ஒருத்தர் தொங்கினா ஒருத்தர் பூட்டணும்.
கடைப்பையன் நாலு நாள் தொங்கினான்,
அஞ்சாம் நாள் வேலைக்கே வரல."

அப்புறம் எப்படிப் பூட்டுகிறார்?

பதில் இல்லை. அவர் பக்கம் ஒரு லாரி கடந்தது.

"அடிப்பட்டையில கல்லு கட்டியிருக்கு மேடம்.
ரெண்டு துண்டு. கறுப்பு கிரானைட்.
கையக் கிழிக்காம
ஓரத்த உருட்டி, பாலிஷ் போட்டு."

யார் கட்டியது என்று நான் கேட்கவில்லை.
அவரே சொன்னார்:
"பில்லு போட்டுத்தான் குடுத்தாராம்.
ஜிஎஸ்டியோட."

ஒன்பது கேஜ் சுற்றித் தரட்டுமா என்றேன்.
பழையதைத் திருப்பி எடுக்க முடியாது,
அளவெடுத்துச் செய்த சரக்கு என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.
"கேட்டுட்டேன். வேணாமாம்.
இப்ப விட்ட இடத்துல நிக்குதாம்."

போனை வைத்துவிட்டுக்
காவேரிப்பட்டணம் அட்டையைத் தேடி எடுத்தேன்.
எடை: அறுபது கிலோ.
அதை அடித்துவிட்டு எழுபத்தொன்று.
என்றாவது அந்த ஸ்பிரிங் உடையும்.
அன்றைக்கு இந்த நாற்காலியில் யார் இருந்தாலும்
கணக்குத் தப்பக் கூடாது.
பக்கத்திலேயே எழுதினேன்:

கல்லோடு சேர்த்து.